பாவாயிக்குக் கட்டிய ஊஞ்சல்

கண்ணு அம்சவேணிக்கு, கொல்லிமலைத் தோட்டத்திலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? பெரியவன் மூன்றாம் வகுப்பு தேறியதையும், சின்னவள் பாவாயி பாட்டுப் பாடிப் பரிசு வாங்கியதையும் இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

காப்பி பறிப்பவர்களின் பிள்ளைகள் மழையிலும் வெயிலிலும் விளையாட இடம் அமைக்கும்படி தோட்டத்தார் என்னிடம் சொன்னார்கள். பலா நிழலில் ஆற்றுமணல் பரப்பி, ஒரு பக்கம் கூரை வேய்ந்து, ஊஞ்சல் கட்டினேன். மூன்று வருஷம் முன்பு நான் மலையேறிய அன்று பார்த்த பாவாயியின் உயரத்துக்குக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவள் வயது மாதம்மாள் உட்கார்ந்தால் கால் மண்ணில் இழுபடுகிறது.

"ஏனுங்க ஆயா, இது தவழுற புள்ளைக்குங்களா?" என்றாள்.

நானும் சிரித்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். பாவாயிக்கு எவ்வளவு உயரம் வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை.

தபால்காரர் கிளம்புகிறார். பாவாயியை மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கவைத்துப் புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு. மடியில் உட்கார்த்தி வைத்த படம் வேண்டாம், கண்ணு.