வளைத்த கோடு

என்னவளுக்கு,

குழந்தையோடு இப்போது கிளம்பி வந்துவிடாதே. அத்தை வீட்டிலேயே இரு.

கடல் எதுவரை ஏறும் என்று எங்கள் சர்வே அலுவலகத்தில் அளந்து எல்லைக்கல் நட்டோம் அல்லவா? கல்லுக்குக் கடல்பக்கம் உள்ள வீடுகள் காலியாக வேண்டும். நம் வீடு தப்பட்டும் என்று வரைபடத்தில் கோட்டை வளைத்தது நான்தான். அன்றிலிருந்து காலைதோறும் நம் தெருக் கல் நம் வீட்டை நோக்கி இன்னும் பத்தடி தள்ளி நின்றது. மணலில் ஒரு காலடிகூட இல்லை.

"சத்தியமா நாங்க தொடல சார், அதுவா வருது" என்றார், நான் விசாரித்த பக்கத்து வீட்டுப் படகுக்காரர்.

இன்று அது நம் சமையலறையில் நின்றது. ஓடிப்போய் மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி, கோட்டை நேராக்கிக் கொடுத்தேன்; இனி நம் வீடும் காலியாக வேண்டியதுதான். வீடு திரும்பினால், பூட்டிய வீட்டுக்குள் கல் இல்லை. கணுக்கால் அளவு கடல்நீர் மட்டும் அசையாமல் கிடந்தது.

சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்