ஐஸ் ஃபேக்டரி ஓடும் நேரம்

மூடியைத் திறந்ததும் அந்த வாசனை எழுந்தது. சூடான டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷும் உப்புக்காற்றில் ஊறிய தூசியும் கலந்தது. உன் ஆம்ப்ளிஃபயர் செங்கல்பட்டில் என் மேசைக்கு வந்துவிட்டது, மச்சான். வாசனை மட்டும் இன்னும் சதுரங்கப்பட்டினத்து உன் வீட்டுடையதுதான்.

நாம் முகம் பார்த்ததைவிடக் குரல் கேட்டதுதான் அதிகம். நீ சாயங்கால அசர் தொழுகையை முடித்துவிட்டு ஹாம் ரேடியோ முன் உட்காருவாய். நானும் ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வந்துவிடுவேன். கடைசி வாரங்களில் உன் குரல் பாதிப் பேச்சில் அறுந்தது. ஆன்டெனாவை ரேடியோவோடு தானாகவே பொருத்திவைக்கும் ட்யூனர் பெட்டி, திடீரென டக் டக்கென்று தட்டி மறுபடி பொருத்தம் தேட ஆரம்பிக்கும். உடனே ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

"மாடில ஆன்டெனா ஒயர் ஜாயின்ட்டு உப்பு அடிச்சுகீது மச்சான். இரு, மேல பாத்துட்டு வர்றேன்" என்றாய் அன்று. நான் காத்திருந்தேன். இரைச்சல் மட்டுமே வந்தது. கரன்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாடிப்படியில் உன் நெஞ்சு நின்றுபோயிருந்தது.

நீ போன பின் உன் மனைவி வீட்டோடு இருந்த இத்தாக் காலம் முடிந்ததும் அவரிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"அண்ணே, அந்தப் பொட்டி தட்டிகினே கீது. ரேடியோவ அன்னிக்கே அணச்சுட்டாங்க. இது மட்டும் தட்டுது. அவரு உக்கார்ற நேரத்துக்குத்தான்."

மறுநாள் சாயங்காலம் வந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ரேடியோவைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ரேடியோ பேசாமல் ட்யூனர் தேடாது. தேட எதுவும் இல்லை. அப்போது தட்டியது.

டக். டக் டக். கொஞ்சம் நின்று, மறுபடியும் டக்.

நாற்காலியில் நீ இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். உன் மனைவி உள்வாசலில் நின்றபடி பெட்டியையே பார்த்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பிறகுதான் கவனித்தேன். தட்டும்போதெல்லாம் தலைக்குமேல் பல்பு மங்கியது. தினமும் இந்த நேரத்துக்கே ஓடும் ஐஸ் ஃபேக்டரி மோட்டார் தெருக்கோடியில் உறுமிக்கொண்டிருந்தது. ட்யூனருக்கென்று நீ வைத்திருந்த தனி அடாப்டரைத் திறந்தால், உள்ளே கெப்பாசிட்டர் உப்பி வெடித்திருந்தது. வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் பெட்டி செத்துப் பிழைத்திருக்கிறது; பிழைக்கும்போதெல்லாம் தட்டியிருக்கிறது. அன்று உன் குரலை அறுத்ததும் இதுதான். உன் உதிரிபாக டப்பாவிலிருந்தே புதிதை எடுத்துப் பற்றவைத்தேன். பல்பு மறுபடி மங்கியது. பெட்டி சும்மா இருந்தது.

"இனிமே தட்டாதா?"

"தட்டாதும்மா."

"அப்ப மாடில ஒண்ணியும் கோளாறு இல்லியா?"

மாடி ஜாயின்ட்டை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நீ சுற்றிய டேப் அப்படியே இறுக்கமாக இருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா" என்றேன்.

அவர் அந்த ஆறிய டீ டம்ளரை எடுத்தார்.

"மேல ஏறச்சொல்லோ என்னிய கூப்ட்டாரு. நான் தொழுதுகினு இருந்தேன். சலாம் குடுத்து தொழுகைய முடிச்சுட்டு வந்து பாக்கறதுக்குள்ள… அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லலியேன்னுதான் தட்றாருன்னு நெனச்சேன். தெனம் வந்து, 'இன்னாங்க'ன்னு கேப்பேன்."

பிறகு அவரே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். "எல்லாத்தையும் எடுத்துகினு போங்கண்ணே. நான் அடுத்த வாரம் மறைமலைநகர்ல பொண்ணு வூட்டுக்குப் போறேன்."

இப்போதும் அதே நேரத்துக்கு உட்காருகிறேன். ரேடியோவில் யாராவது ஆன்டெனா பார்க்க மேலே போவதாகச் சொன்னால், வீட்டில் ஒருவரிடம் சொல்லி, பதில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள். அவர்கள் இறங்கி வந்து பேசும்வரை நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை.