பூஜைக்குக் கழுவிய தொட்டி

புரட்டாசி 24, வியாழன். காலையில் வெயில். மதியத்துக்கு மேல் மேகம்.

கசடுத் தொட்டியைக் கழுவி, சேற்றைச் சாக்கடையில் தள்ளிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அம்மா வந்து, தெருமுனைச் சாக்கடை மூடியைத் திறந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நாளை ஆயுத பூஜை. பட்டறையில் எல்லாவற்றையும் கழுவச் சொன்னது நான்தான். மனதில் இருந்தது அரவை மிஷின், உருளை, தட்டு. தொட்டி ஞாபகத்திலேயே இல்லை. வாரியம் சொல்லித் தை மாதம் கட்டியது. அதற்கு இதுதான் முதல் பூஜை.

நகைக்கடைகளில் கூட்டிய மண்ணை வாங்கி, பாதரசம் போட்டு உருட்டித் தங்கம் எடுக்கிற தொழில். கழுவிய தண்ணீர் தொட்டியில் தங்கவேண்டும், பாதரசம் அடியில் படியவேண்டும், தெளிந்தது மட்டும் சாக்கடைக்கு. அடிச்சேறு டிரம்மில். இந்த ஏற்பாட்டுக்குத்தான் லைசென்ஸே கொடுத்தார்கள்.

சின்னப்பொண்ணு தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறாள். கல்வராயன் மலைக் கரியாலூர்க்காரி, ரொம்ப நாளாக நம்மிடம் அரவை வேலை.

"சேறு எங்க?"

"காவாயிலதான் தள்ளுனோம் மொதலாளி. அழுக்கு மேல வெச்சா பொட்டு நிக்குமா?"

பூஜைச் சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தேன்.

வாங்க: பொரி, பூசணி, சந்தனம், எலுமிச்சை, மிஷினுக்குக் கிரீஸ்.

25, வெள்ளி. புழுக்கம்.

பூஜை முடிந்தது. தொட்டிக்கும் மாலை. மச்சானிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு உளுந்தூர்பேட்டையில் லாரி ஆபீஸ். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பான்.

"இதுக்கு இன்னாத்துக்கு மாமா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்க? பக்கத்துல பல்லு டாக்டர் இருக்காரு இல்ல? பல்லு அடைக்கிறதுலயும் பாதரசம்தான? ரெண்டு பேருக்கும் ஒரே மூடி. அவரு மேல தள்ளிவுடு. நாலு நாள்ல மழ அடிச்சா எல்லாம் ஏரிக்குப் போயிடும். அப்புறம் எவன் கேப்பான்?"

பொரி தின்றுகொண்டே சொல்கிறான். யோசித்தேன். மாட்டினால் கரண்ட் வெட்டு, பட்டறைக்குச் சீல். அதுவும் தீபாவளி வேலை குவிந்து கிடக்கிற நேரம். மழை எனக்குச் சாதகம்தான்.

28, திங்கள். மேகம். மழை இல்லை.

வாரியத்து அம்மா மறுபடியும். முடிவு வந்துவிட்டதாம், அளவுக்கு மேல் பாதரசம். பல் டாக்டர் பேச்சை எடுத்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். உள்சுவரில் நாலு பக்கமும் சந்தனம், குங்குமம்.

"எட்டு மாசமா ஓடுற தொட்டிங்க இது. கல்யாண வீட்டு அண்டா மாதிரி இருக்கு. அடிச்சேறு டிரம் எங்க?"

டிரம் காலி. சுத்தமாக இருந்ததே காட்டிக் கொடுத்துவிட்டது.

"கரண்ட்ட ஏன் வெட்டக்கூடாதுன்னு ஆபீசுக்கு வந்து சொல்லுங்க. புதன்கிழமை."

சாயங்காலம் கிளம்பும்போது சின்னப்பொண்ணு சொன்னாள்: "பொரட்டாசி முடியப் போவுது மொதலாளி. எங்க வூட்டுக்காரரு ஏரில வலை போடுவாரு. விரால் மாட்டுனா வூட்டுக்குக் கொண்ணாறேன்."

போன வருஷமும் தந்தாள். சாப்பிட்டோம். பசங்க மீன் தலைக்குச் சண்டை போட்டார்கள்.

மாதம் முடிந்ததும் ஊரே கவுச்சிக்கு ஏங்கி நிற்கும். கல்வராயன் பக்கம் வானம் கறுப்பு. பாதரசம் கனம், சும்மா ஓடுகிற தண்ணீரோடு போகாது. அந்தக் கனத்தை வைத்துத்தான் இத்தனை வருஷம் பிழைப்பு. தெருமுனை வளைவில்தான் உட்கார்ந்திருக்கும், பெரிய மழை வந்து ஏரிக்குத் தள்ளுகிறவரை.

கிரீஸ் இன்னும் வாங்கவில்லை.

29, செவ்வாய். இடி. காற்று.

புதன்வரை காத்திருக்காமல் வாரிய ஆபீசுக்குப் போனேன்.

"மேடம், சேறு நம்ம பட்டறையுதுதான். டாக்டருக்குச் சம்பந்தம் இல்ல. மழைக்கு முன்னாடி அள்ளிடணும். தெரு மூடிய நான் தொறந்தா கேசு. நீங்க நகராட்சிக்குச் சொல்லுங்க."

"நேத்து வேற கதை சொன்னீங்களே?"

"நேத்து யாவாரம் பேசுனேங்க."

சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

மதியம் வளைவுக்குக் கீழே மணல் மூட்டை. உறிஞ்சு லாரி. யாரும் உள்ளே இறங்கக்கூடாது, குழாய் மட்டும் என்று அந்த அம்மா கூடவே நின்றார். பாதி வேலையில் தூறல். மச்சான் போனில், "பைத்தியமா மாமா நீ?" வைத்துவிட்டேன். பல் டாக்டர் மாடியிலிருந்து வேடிக்கை. அவர் பெயரை இழுத்தது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

சின்னப்பொண்ணு ஓரமாக நின்றாள். "எம்மேல கேசு வருமா மொதலாளி?"

"உனக்கு ஒண்ணும் இல்ல. வூட்டுக்குப் போ."

கடைசி டிரம்மை மூடும்போது கொட்டத் தொடங்கியது. முழுதும் வந்ததா, கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டதா, தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரியாது.

30, புதன். விடாத மழை.

வாரிய ஆபீசில் பேசி முடித்தது. சின்னப்பொண்ணுவும் கூட வந்திருந்தாள். கரண்ட் இன்றே வெட்டு. சாக்கடைத் தண்ணீர் அடுத்தடுத்து இரண்டு முறை அளவுக்குள் வந்தால்தான் திரும்ப. ஆக, தீபாவளி போச்சு. லாரி, டிரம், ஏரித் தண்ணீர், மீன் சோதனை எல்லாச் செலவும் என்னுடையது. மீன் முடிவு வரும்வரை ஏரியில் வலை கூடாது.

இதைச் சொன்னதும் அவள், "அப்ப அதுவரைக்கும் எங்க வூட்டுக்காரரு இன்னாத்த தின்னுவாரு? நீங்கதான் கூலி குடுக்கணும்" என்றாள். வாரியத்து அம்மா என்னைப் பார்த்தார். சரி என்றேன், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும். தொட்டியை இனி வாரியத்து ஆள் முன்னால்தான் திறப்பது. அடுத்த பூஜைக்குப் பொட்டு மூடிக்கு மேலே மட்டும்.