காலருக்குள் மூன்று புள்ளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், வேறு என்ன செய்வது, உன் குரலைக் கேட்டுப் பத்து நாளாகிறது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், கூரைக்குத்தான் சுகமில்லை. புயல் போய் ஐந்து வாரமாகியும் உன் அப்பா காலையில் தகரத்தை அடிக்கிறார், மத்தியானக் காற்று அதைத் தூக்குகிறது, மறுபடி ஏறி அடிக்கிறார். இறங்கிச் சாப்பிடுங்கள் என்றால் வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு கையை ஆட்டுகிறார். அது வருகிறேன் என்றா வரவில்லை என்றா, முப்பது வருஷமாக எனக்குப் புரிந்ததில்லை. ஆஸ்பத்திரித் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது, நம் தெருவுக்கு நாளைக்கு என்கிறார் லைன்மேன், அவருடைய நாளைக்கு இரண்டு வாரம் வயதாகிவிட்டது. பள்ளிக்கூடம் மரக்கடையில் நடக்கிறது. பஸ் உடைந்த பாலம் வரை வந்து திரும்பிப் போகிறது. நம் பெரிய மெஷினுக்குள் முழங்கை ஆழத்துக்குச் சேறு, அதனால் எல்லாம் கையால் துவைப்பதுதான், என் கையைப் பார்த்தால் நீ திட்டுவாய், பார்க்காதே.

துணி எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். ஊர் முழுக்கத் துணிதான், மரத்தில், வேலியில், விளையாட்டு மைதானத்தில். எடுத்தவர்கள் எல்லோரும் நம் சலவைக்கடைக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள், ஏனென்றால் எந்த வீட்டுத் துணி என்று சொல்ல ஊரில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். காலருக்குள் நான் மையால் வைக்கும் குறி எந்தத் தண்ணீருக்கும் போகாது. குறிநோட்டு வெள்ளத்தில் போய்விட்டது, ஆனால் இருநூறு வீட்டுக் குறியும் என் மண்டையில் இருக்கிறது. துவைத்து வாசல் கொடியில் போட்டுவிடுவேன், அவரவர் வந்து எடுத்துப் போவார்கள். தலைமையாசிரியரின் பூப்போட்ட அரைக்கால் சட்டையைத் தபால்காரர் மைதானத்திலிருந்து குச்சியில் தூக்கிக்கொண்டு வந்தபோது தெருவே சிரித்தது, புயலுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

சரி, சொல்லவந்ததைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். உன் ரொட்டி மாமா இன்னும் கிடைக்கவில்லை. அன்று காற்று சுழன்றபோது மாவு மூட்டையை மேலே ஏற்றிவிட்டு வருகிறேன் என்று ரொட்டிக்கடைக்குப் போனவர். ரொட்டி அத்தை தினமும் காலையில் நம் கடைக்கு வந்து, கொடியில் இருக்கும் துணியை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் துணி மடித்துக் கொடுக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை கால்வாயில் குப்பை அள்ளுகிறவர்கள் ஒரு சட்டையைக் கொண்டுவந்தார்கள். ஒரே சேறு. காலரை மட்டும் விரலால் துடைத்துப் பார்த்தேன், மூன்று புள்ளி, கீழே ஒரு கொக்கி. அது ரொட்டி மாமா வீட்டுக் குறி. யாரும் பார்ப்பதற்குள் சுருட்டிச் சோப்புப் பெட்டிக்கு அடியில் திணித்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை, இந்தக் கடிதத்துக்கே நாலு தரம் எழுந்து போய்விட்டு வந்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "குடுத்துடு, பாவம் எத்தனை நாள் வந்து கொடியையே பாத்துட்டு உக்காந்திருப்பா" என்கிறார். அவருக்கு எல்லாம் ஆணி அடிக்கிற மாதிரி. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஆபீசர் காணாமல் போனவர்கள் பட்டியலோடு வருகிறார், உடுத்திய துணி ஒன்று கிடைத்தாலும் போதும், பெயரை இறந்தவர்கள் பக்கத்துக்கு மாற்றிவிடுவார். புயலன்று மாமா என்ன சட்டை போட்டிருந்தார் என்று அவர் கேட்டபோது அத்தை ஞாபகமில்லை என்றாள். ஆனால் அந்தச் சட்டையை மாமா போட்டிருந்தார் என்று எப்படிச் சொல்வது? புயலுக்கு முந்தின நாள் வானம் கறுத்ததும் ஆளாளுக்கு அவசரம், நானும் கண்மண் தெரியாமல் துணிக்கட்டுகளைக் கட்டினேன். ரொட்டி மாமாவுக்கும் பஸ் டிரைவருக்கும் ஒரே மடிப்பு, கஞ்சி கூடாது, நடுவில் ஒற்றை மடிப்பு. காலரைத் திருப்பிப் பார்க்காமல் மடிப்பைப் பார்த்தே கட்டினேன், சத்தியமாகச் சொல்கிறேன், கட்டு மாறியிருக்கலாம். ரொட்டி மாமா வீடு மேட்டில், அங்கிருந்து ஒரு துணிகூடப் போகவில்லை, டிரைவர் வீடோ கால்வாய்க் கரையில், சுவர் உட்பட அடித்துக்கொண்டு போய்விட்டது. சட்டை அவர் வீட்டு ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்து போயிருந்தால்? டிரைவர் பிழைத்து உன் ஊரில்தான் தங்கை வீட்டில் இருக்கிறார், ரயில் நிலையத்துக்குப் பின்னால். நீ ஒரு நடை போய், அன்று வந்த துணிக்கட்டில் வேறு ஆள் சட்டை இருந்ததா என்று கேட்டு எழுது. இதற்காகத்தான் கடிதம்.

மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டுக் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அத்தை சோப்பு எடுக்கிறேன் என்று பெட்டியைத் திறந்திருக்கிறாள். சட்டை அவள் கையில். அவள் அழவில்லை. குழாயடிக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து, நான் துவைக்கிற மாதிரியே, காலர், கைமடிப்பு, முன்பக்கம் என்று நிதானமாகக் கசக்கினாள். சேறு போகப் போகப் பொத்தான்கள் தெரிந்தன. இரண்டாவது பொத்தானில் சிவப்பு நூல். புயலுக்கு முந்தின நாள் இஸ்திரி போடும்போது அந்த இடத்தில் பொத்தான் இல்லை, கடையில் வெள்ளைப் பொத்தான் தீர்ந்துபோனதால் அப்படியே அனுப்பினேன், நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சிவப்பு நூலும் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், ரொட்டிப் பொட்டலம் கட்டுகிற நூல். கட்டு மாறவில்லை. சட்டை சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

அவள் கட்டைவிரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். பிறகு, "இது எங்க வீட்டுக்கு வரவே இல்ல அண்ணி, நீங்கதான் அன்னிக்கு மாத்திக் கட்டிட்டீங்க" என்றாள். நான், "ஆமாம்மா, நான்தான் மாத்திக் கட்டிட்டேன்" என்றேன். பிழிந்து கொடியில் போட்டுவிட்டு மிச்சத் துணியை மடிக்க உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்து கேட்டாலும் என் வாயிலிருந்து வேறு பேச்சு வராது, உன் அப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு, நனைந்த தலையோடு வேலைக்கு ஓடாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், நீ நினைக்கிறவர்கள் நினைத்தபோது உன் வீட்டுக் கதவைத் தட்டி வர வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. டிரைவரைப் பார்க்கப் போகாதே. வழியில் பார்த்தால் சுகம் விசாரி, சட்டையைப் பற்றி மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
கட்டை மாற்றிக் கட்டிய
உன் அம்மா