சோபாக்காரர் வீட்டுச் சீட்டு

என் செல்ல மகளுக்கு அம்மா அன்போடு எழுதுவது. இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர நான் சுகமாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கும்படி தினமும் ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வரும், இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு இதைப் படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒருவழியாக ஒழுகுவதை நிறுத்திவிட்டது. சோபாப் பட்டறையை அப்பாவின் கூட்டாளி நன்றாகத்தான் நடத்துகிறார், ஆனால் மனிதருக்கு வாய் ஓயாது. உன் அப்பாவிடம் அந்தத் தொல்லையே கிடையாது. வாய் நிறைய சின்ன ஆணிகளை வைத்துக்கொண்டு, உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ரெக்சினில் அடித்துக்கொண்டே ஜெபம் பண்ணுகிறவர். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. என்னதான் முணுமுணுக்கிறீங்க என்று கேட்டால் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, உனக்குப் புரியலேன்னா என்ன, கேக்க வேண்டியவருக்குப் புரிஞ்சிருச்சு என்பார். ஒரு நாள் விடாமல் கேட்டதில் சொல்லிவிட்டார், இந்த சோபால உக்காந்து அந்த வீட்டுக்காரங்க சண்டை போடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் என்று. நம் வீட்டு சோபாவுக்கு அப்படி வேண்டிக்கொள்ள மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்றேன். அன்று முழுக்கச் சிரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அப்பா போய் ஒரு வருடம். சபையில் அவரை நினைத்து ஒரு கூட்டம் வைக்கிறார்கள், மகளிடமிருந்து ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள், வாசிக்கிறோம் என்று பாஸ்டர் கேட்டார். உன்னிடம் சொன்னேன். நீ அனுப்பிய பதில் இரண்டே வரி. என்னால எழுத முடியாதும்மா, அப்பாவுக்கு நான் கடைசி வரைக்கும் கிடைக்காத ஜெபமாவே இருந்துட்டேன். அதைப் படித்ததிலிருந்து நான்கு நாளாக இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ அப்படி நினைப்பதற்குக் காரணம் அப்பா இல்லை, நான். எப்படி என்று சொல்கிறேன்.

நீ பிறந்தபோது ஒரு கால் மற்றதைவிட இரண்டு விரற்கடை குட்டை. நடக்கும் வயது வந்ததும் மருத்துவமனையில் ஒரு ஷூ கொடுத்தார்கள். கறுப்பு, கனம், நீ அதை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இதை நானே செய்றேன் என்றார். செய்தார். ஆனால் சோபாக்காரர் இல்லையா, உயரம் கொடுக்க உள்ளே வைத்தது நல்ல முதல்தர ஃபோம். நீ மெத்தைமேல் நடக்கிற மாதிரி குதித்துக்கொண்டு போனாய், தெருவே கூடிப் பாராட்டியது. ஒரே வாரம். ஃபோம் அமுங்கி நீ பழையபடி சாய்ந்துவிட்டாய். உக்காரத்தான் செஞ்சு பழக்கம், நடக்கச் செய்யத் தெரியலியே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் யார் யாரையோ கேட்டு, கார்க் அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இழைத்து, மெல்லிய தோல் சுற்றி, நீ சொன்ன படத்தை வெளிப்பக்கத்தில் வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். வளர வளர வருடம் ஒரு ஜோடி. மீன், ரயில், மேகம். ஒரு வருடம் நீ பல்லி கேட்டாய், அதையும் முகம் சுளிக்காமல் வரைந்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டு கால் ஒழுங்காக இருந்த பிள்ளைகள் எல்லாம் எனக்கும் பல்லி ஷூ வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தது நினைவிருக்கிறதா?

இப்போது புதன்கிழமைக் கூட்டம். வீட்டுக்கு ஒரு சீட்டில் ஜெபக் குறிப்பு எழுதிப் பெட்டியில் போடுவோம், பாஸ்டர் எடுத்து வாசிப்பார். ஆள் பெயர் கிடையாது, வீட்டின் பெயர்தான். உனக்குப் பத்து வயதிலிருந்து ஒவ்வொரு புதனும் அதே சீட்டு. சோபாக்காரர் வீடு, மகளின் கால் சரியாக வேண்டும். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, ஷூ இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வாய். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் கண்ணை மூடுவேன்.

கண்ணு, அந்தச் சீட்டுகளில் ஒன்றைக்கூட உன் அப்பா எழுதவில்லை. எல்லாம் நான் எழுதியது.

ஏன் எழுதினேன் என்று கேட்டால் நியாயமான பதில் இல்லை. வயிற்றில் சுமந்தவள் நான், என்னால்தான் இப்படி ஆனது என்று ஒரு அரிப்பு. உறவுக்காரர்கள் வேறு பார்வையிலேயே குத்துவார்கள். அப்பா ஆரம்பத்திலேயே சொன்னார், வேண்டாம், பிள்ளை காதுல விழுது என்று. உங்களுக்கு விசுவாசம் பத்தாது என்று அவரைப் பார்த்துச் சொன்னவள் நான். அவர் கோபப்படவில்லை. இவ நடக்கணும்னு கேட்டேன், நடக்கிறா. கிடைச்சதைத் திரும்பத் திரும்பக் கேட்டா குடுத்தவருக்கு எப்படி இருக்கும் என்றார். எனக்கு அது அப்போது ஏறவில்லை.

உனக்குப் பதினைந்து வயதில், ஒரு புதன்கிழமை கூட்டம் முடிந்து வந்து பட்டறை வாசலில் நின்று அவரைக் கேட்டாயே, என் கால் உங்களுக்கு அவ்ளோ அசிங்கமா இருக்காப்பா என்று. இனிமேல் உங்க ஷூவும் வேண்டாம், உங்க ஜெபமும் வேண்டாம் என்றாய். அவர் வாயிலிருந்த ஆணிகளை எடுத்துவிட்டு, மன்னிச்சுக்கோம்மா என்றார். அவ்வளவுதான். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவுக்கு இந்தப் பக்கம் நான் கையில் ஈரத் துணியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டேன். இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

நீ தூங்கப் போன பிறகு அவரிடம், சீட்டு எழுதினது நான்தான்னு அவகிட்ட ஏங்க சொல்லல என்று கேட்டேன். அப்பன்மேல கோபம்னா அம்மாகிட்ட வருவா, அம்மாமேல கோபம்னா இந்த வயசுல பொண்ணு யாருகிட்ட போவா என்றார். நீயும் என்னிடம்தான் வந்தாய். என் மடியில்தான் அழுதாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்த வாரத்தோடு சீட்டு நின்றுவிட்டது, என் வாய் மட்டும் இத்தனை வருடமாகத் திறக்கவில்லை. நீயும் அவரும் அதற்குப் பிறகு நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டீர்கள், கல்யாணத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாய். ஆனால் அவர் கண்ணை மூடி ஜெபிக்கும்போதெல்லாம் நீ வேறு பக்கம் திரும்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் பார்த்திருக்கிறார்.

அந்த ஆணி ஜெபத்தில் உனக்கு என்ன இடம் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நாளும் கடைசி ஆணி அடித்து வாய் காலியானதும், ஒரே ஒரு வரி மட்டும் தெளிவாகக் கேட்கும். என் பொண்ணுக்காக நன்றி ஆண்டவரே. நீ நடக்க ஆரம்பித்த பிறகு உனக்காக அவர் எதையும் வேண்டி என் காதில் விழுந்ததே இல்லை, நன்றிதான். இப்படி ஒரு மனிதரோடு நாற்பது வருடம் வாழக் கொடுத்ததற்கு நானும் நன்றிதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவ்வளவு தகுதி இல்லை என்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே எழுந்து நின்று இதைச் சொல்லப்போகிறேன். நீ ஒரு பக்கம் எழுதினால் வாசிப்போம், எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிடைக்காத ஜெபம் என்ற வார்த்தையை மட்டும் அழித்துவிடு, அது உன் அப்பாவுக்குச் சொந்தமில்லாதது.

மாப்பிள்ளையிடம் கடிதத்தைக் காட்டு, மறைக்காதே. நம் குடும்பத்தில் ஒருத்தி மறைத்தது போதும். வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஆண்டவர் உன் வீட்டையும் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அப்பாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உன்மேல் எப்போதும் இருக்கும். கடைசியாக ஒன்று. அன்று பட்டறை வாசலில் நீ அவரிடம் பேசியதெல்லாம் எனக்கு வரவேண்டிய பேச்சு. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, ஒரு வார்த்தை குறைக்காமல் என்னிடம் பேசு. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சீட்டு எழுதிய
உன் அம்மா