துடைப்பவன் கை

மார்ச் 4
இயந்திரத்தில் சிக்கிய அத்தானின் வலது கையில் பிடிப்பு இல்லை. இரண்டாவது அறுவைச் சிகிச்சை செய்தால் வரும் என்கிறார் மருத்துவர். அதை ஆலைதான் செய்து கொடுக்க வேண்டும். அட்டைப்பெட்டி ஆலையோ ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டுகிறது: “இயந்திரத்தை இயக்கும்போது பணியாளருக்கு ஏற்படும் காயத்துக்கு ஆலை பொறுப்பு.” அத்தான் இயக்கவில்லையாம். பசை உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

வக்கீல் ஆபீஸில் நான் ஜூனியர். அந்த வரியை நானே எழுதிய மாதிரி அக்கா என்னைப் பார்க்கிறாள்.

மார்ச் 6
சீனியர் வரியைச் சத்தமாகப் படித்தார். “யார் இயக்கும்போது? சொல்லல பாரு. தோன்றா எழுவாய். எவன் இயக்கினாலும் பொறுப்புதான்னு வாதாடலாம்.”

ஆலை வக்கீல் விடுவாரா? ‘பணியாளர்’தான் எழுவாய் என்பார். பள்ளியில் இதற்கு இரண்டு மதிப்பெண். இங்கே ஒரு மனிதனின் கை.

மார்ச் 9
விசாரணை அதிகாரி அத்தானைக் கேட்டார்: உருளை ஓடிக்கொண்டிருந்ததா?

“நின்னுதான் சார் இருந்துச்சு.”

பொய். நின்ற உருளை யார் கையை இழுக்கும்? வெளியே வந்ததும் கத்திவிட்டேன்.

“ஓடும்போது துடைக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குடா. உண்மையச் சொன்னா மேஸ்திரி மாட்டுவாரு, ஷிஃப்டே மாட்டும்.”

நிறுத்தினால் பசை இறுகும். அதனால் எல்லோரும் ஓடவிட்டுத்தான் துடைக்கிறார்கள். மேனேஜருக்கும் தெரியும். மாட்டுவது மட்டும் இவர்களாம்.

மார்ச் 10
அத்தான் சொன்ன பொய்யே வழக்கைக் கவிழ்த்துவிடுமோ என்ற பயம். வேறெதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 13
மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்யா. நின்ன மெஷின் கடிச்சுதுன்னு சொல்லியிருக்க” என்று அத்தானைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்களுக்காகத்தான் அண்ணே சொன்னாரு,” என்றாள் அக்கா. மேஸ்திரிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“நாளையிலேர்ந்து போர்டுல இருக்கறபடியே வேலை. அட்சரம் பிசகாம.”

மார்ச் 17
ஒவ்வொரு முறையும் உருளையை நிறுத்துகிறார்கள், துடைக்கிறார்கள், இறுகிய பசையைச் சுரண்டுகிறார்கள். வழக்கமான பெட்டிகளில் பாதிகூட வெளியே போகவில்லை. மேனேஜர் ஓடி வந்து, “என்னய்யா விளையாடறீங்க? எப்பவும்போல ஓடவிட்டே துடைங்க” என்றாராம்.

“அதையே எழுதிக் குடுங்க சார்” என்றாராம் மேஸ்திரி.

எழுதவில்லை. ஆனால் அவர் சொன்னதை ஷிஃப்டே கேட்டது. சாட்சி சொல்ல வருகிறார்கள். அத்தான் இப்போது மாற்றிச் சொன்னால் அதிகாரி எதை நம்புவார்?

மார்ச் 21
“ஓடிச்சு சார். பயந்து மாத்திச் சொல்லிட்டேன்.”

மேஸ்திரியும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஆலை வக்கீல் அகராதியைப் பிரித்தார்: இயக்குதல் வேறு, துடைத்தல் வேறு. அதிகாரி அவரை விட்டுவிட்டு மேனேஜரைக் கேட்டார்:

“துடைக்காம இந்த மெஷினை ஒரு நாள் ஓட்ட முடியுமா?”

மேனேஜர் தன் வக்கீலைப் பார்த்தார். அவர் அகராதியைப் பார்த்தார்.

“முடியாது சார்.”

“அப்போ துடைக்கறதும் இயக்கறதுல சேர்ந்ததுதான்.”

ஏப்ரல் 2
அறுவைச் சிகிச்சை முடிந்தது. டம்ளரைத் தானே பிடித்தார் அத்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்க வந்த மேஸ்திரியிடம் அத்தான் கேட்டார்:

“என் இடத்துல இப்ப யாரு?”

“புதுசா ஒருத்தன்.”

“நிறுத்தியா துடைக்கறான், ஓடவிட்டா?”

மேஸ்திரி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். புழுக்கமாக இருக்கிறதாம்.