நீ எழுதாத நான்கு வரிகள்

திருப்புலிவனம்,
21-5-1983, சனிக்கிழமை இரவு.

என் அன்புக்குரிய மார்த்தாள் அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். நைனாவும் நலம். இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. நேற்று மதியத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன். நைனாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கைத் தாழ்த்திவைத்து, கணக்கு நோட்டில் கிழித்த தாளில் எழுதுகிறேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் அக்கா. அதை உன் பேரில் செய்துவிட்டேன்.

இந்த வருஷம் ஏரியில் மாடு குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. மானாம்பதி போகும் பாதையில் வேதகிரி ஐயாவுக்கு ஒரு பழைய கிணறு இருக்கிறதல்லவா, அதை ஆழப்படுத்தும் வேலையை நைனா எடுத்திருக்கிறார். ஐந்து வருஷமாக யாரும் இறங்காத கிணறு. ஆறு ஆள் ஆழம். அடியில் கறுப்புச் சேறும் மக்கிய தழையும்தான். நைனா கீழே வெட்டுகிறார், முனியன் மாமா மேலே கயிறு பிடிக்கிறார், அம்மா மண்கூடையை வாங்கிக் கொட்டுகிறாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மதியக் கூழ் கொண்டுபோவது என் வேலை.

நைனா வெட்டுவதை நீ மேலிருந்து பார்த்திருக்கிறாயா? கடப்பாரை பாறையில் விழும் சத்தத்தை வைத்தே, ஊற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். படித்த இஞ்சினீயருக்குக்கூட அது வருமா தெரியாது. இறங்கும் முன் விடியலில் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு எரிந்தால் ஜெபம் சொல்லி இறங்குவார். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறக்குவார். ஒரு தடவை வழி விட்ட கிணற்றை மறுபடி சோதித்தால் அதைச் சந்தேகப்பட்டது போலாகும், கெடுதல் வரும் என்பது கிணறு வெட்டுகிறவர்கள் எல்லோருடைய நம்பிக்கை.

போன வாரம் நான் ஒன்று கவனித்தேன். முனியன் மாமா பீடி பற்றவைக்கக் கயிற்றுத் துண்டில் கங்கு வைத்திருப்பார். ஒரு நாள் விடியலில் அவர்களோடு போனபோது அந்தக் கயிற்றை நூலில் கட்டி, விளையாட்டாகக் கிணற்றுக்குள் விட்டேன். புகை ஒரு பக்கம் இறங்கி, சுற்றி, எதிர்ப்பக்கச் சுவரோடு மேலே வந்து வெளியே போனது. அதையே மதியம் கூழ் கொண்டுபோனபோது செய்தேன். புகை மேலே வரவே இல்லை. பாதி ஆழத்தில் தயிர் உறைந்தது போல அப்படியே நின்றது.

எனக்கு உடனே எட்டாம் வகுப்புப் பாடம் ஞாபகம் வந்தது. சூடான காற்று லேசு, குளிர்ந்த காற்று கனம், அதனால்தான் கடற்காற்றும் நிலக்காற்றும் வீசுகின்றன என்று படித்தோமே. வெயில் மண்ணின் மேல்தோலைத்தான் சுடுகிறது. ஆழத்துக்கு அந்தச் சூடு போவதே இல்லை. சித்திரையில் கிணற்றடி குளுமையாக இருக்கிறது, மார்கழி விடியலில் அதே தண்ணீரில் ஆவி பறக்கிறது. பூமி அடியில் என்றைக்கும் ஒரே பதமாக இருந்துகொண்டு, மேலே நடக்கிற வெயிலையும் பனியையும் பெரிய மனுஷி போலப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனை அழகு அக்கா! ராத்திரி மேல்மண் ஆறிப்போனால் மேலே இருக்கும் காற்றும் ஆறிக் கனமாகிக் கிணற்றுக்குள் விழும், பழைய காற்று வெளியே வரும். பகலில் வெளிக்காற்று காய்ந்து லேசாகிவிடும். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனம் என்பதால் அது அசையாது. சேற்றிலிருந்து வருகிற கெட்ட காற்றும் அதோடு அங்கேயே தேங்கும், சேற்றைக் கிளறக் கிளற நாளுக்கு நாள் கூடும். அப்படியானால் விடியலில் எரிந்த விளக்கு மதியத்துக்குச் சாட்சி ஆகாது.

இந்த அழகுதான் எனக்குப் பயமாகவும் ஆனது. நைனாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “பாவாட தடுக்கி வியுற வயசுல கெணத்துக்கு நீ நாட்டாமையா? போய் பாத்திரம் கய்வு” என்றார்.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. உன் கடிதம் வந்தால் நைனா கை கால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோயிலில் உட்காருவது போல உட்காருவார் என்று உனக்குத் தெரியுமா? எழுத்து தெரியாத அவர்கள் இருவருக்கும் வழக்கம்போல நான்தான் வாசித்தேன். உனக்குக் காய்ச்சல் வந்துபோன வரியை அம்மா அழுவாளே என்று விட்டுவிட்டேன். முன்பும் இப்படி விட்டிருக்கிறேன். சேர்த்தது இதுதான் முதல் தடவை. தாளைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததை வாசித்தேன்:

“நைனா, விடியலில் எரிந்த விளக்கு விடியலுக்கு மட்டும்தான். வெயில் ஏறிய பிறகு கிணறு மூச்சு விடாது. ஒவ்வொரு தடவை இறங்கும் முன்பும் விளக்கை இறக்கிப் பாருங்கள். அணைந்தால் இறங்காதீர்கள்.”

அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மூன்று தடவையும் ஒரு சொல் மாறாமல் சொல்லிவிட்டேன்.

நேற்று மதியம் கூழ் குடித்து எழுந்தவர், லாந்தரைக் கொளுத்தச் சொன்னார். முனியன் மாமா பதறிப்போய், “இன்னா மாமா, காலைல தானே எறக்கனோம்? ரெண்டாம் வாட்டி எறக்கனா குத்தம்னு நீதானே சொல்லுவே?” என்றார். “எம் பொண்ணு எய்திக்கீறா. வேலூர் ஆஸ்பத்திரில நர்சுக்குப் படிக்கிறவ. அவ பேச்ச உட்டுட்டு உம் பேச்சயா கேக்கச் சொல்ற?” என்றார் நைனா.

லாந்தர் நாலு ஆள் ஆழம் போனது. சுடர் சிறுத்தது. யாரோ விரலால் கிள்ளியது போல அணைந்தது. மறுபடி கொளுத்தி இறக்கினார்கள், அணைந்தது. மூன்றாம் தடவையும் அணைந்தது. முனியன் மாமா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்நேரம் உன்ன உள்ள எறக்கினு இருந்திருப்பேனே மாமா” என்றார். அம்மா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அக்கா, ஊர் முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு. வேலூரில் உட்கார்ந்துகொண்டே உன்னால் கிணற்றின் அடிவரை பார்க்க முடிகிறதாம்.

நேற்றுச் சாயங்காலமே வேதகிரி ஐயா வந்தார். “காலைல எரிஞ்ச வெளக்கு மத்தியானம் அணையுதுன்னா சீமெண்ணெய்ல தண்ணி கீது. அர நாள் வேல செஞ்சிட்டு சாக்கா சொல்ற?” என்றார். அவர் எதிரில் நிமிர்ந்தே பேசாத நைனா நிமிர்ந்து, “கடுதாசி கீதுங்க ஆண்டே. எம் பொண்ணு எய்திக்கீறா” என்றார். ஐயா, “அப்டியா? வர்ற வெள்ளிக்கெயம கொண்டா, நானே படிக்கிறேன். அவ எய்தியிருந்தா ஒத்துக்கறேன். இல்லன்னா வழக்கம்போல மத்தியானமும் எறங்கணும்” என்று சொல்லிவிட்டுத் திருப்புட்குழிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார். நைனாவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதுவரை காலை வேலை மட்டும்தான். அவர் மறுத்தால் ஐயா முனியன் மாமாவை இறக்குவார். மாமாவுக்கு இரண்டும் கைக்குழந்தைகள்.

உன் கடிதத்தை நைனா பைபிளுக்குள் வைத்திருக்கிறார். அதில் அந்த வரிகள் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். நான் சொன்னது என்று தெரிந்தால் அந்த வரிகளுக்கு ஐயாவிடம் என்ன மதிப்பு இருக்கும்?

அதனால் உன்னைக் கெஞ்சுகிறேன். நைனா பேருக்கு ஒரு இன்லண்ட் எழுது. போன கடிதத்தில் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அந்த நாலு வரியையும் எழுது. எழுதும் முன் உன் டீச்சர்களிடம் கேட்டுப் பார். நான் எங்கேயாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அதைத் திருத்திவிடு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, ஆனால் அதை வேறு தாளில் எழுது. ஐயா கண்ணாடி போடாமல் படிக்கும்படி பெரிய எழுத்தாக எழுது. வந்ததும் அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் விடாமல் நைனாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். எனக்கு அதற்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். திங்கட்கிழமை விடிந்ததும் உத்திரமேரூர் தபாலாபீசுக்கு நடந்துபோய் இதைப் போடுவேன். செவ்வாயோ புதனோ உன் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை இங்கே தபால் பதினோரு மணிக்கு வரும் அக்கா. வேதகிரி ஐயா கிணற்றடிக்குப் பன்னிரண்டு மணிக்கு வருவார்.

உன்னையே நம்பியிருக்கும்,
செல்லாயி